இயற்கைக் காட்சியை வரைந்தே தன் மனதைச் சொன்ன ஓவியர் யார்? அந்தப் படங்களை எப்படிப் புரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டாவிட் ஃப்ரீட்ரிக். 1774ல் பால்டிக் கடலோர ஊரான கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர், 1798ல் டிரெஸ்டன் நகருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். பாறை உச்சியில் நமக்கு முதுகைக் காட்டியபடி ஒருவர் மூடுபனியைப் பார்த்து நிற்பாரே, அந்தப் படம் இவருடையதுதான். புத்தக அட்டைகளில் போட்டுப் போட்டு அதைத் தேய்த்துவிட்டார்கள். அதை விடுங்கள்.

நான் சொல்ல நினைப்பது ‘கடலோரத் துறவி’ பற்றி. அதன் அச்சுப்படம் ஒன்றை அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறேன். கீழே வெளிறிய மணல், அதற்கு மேல் கறுத்த கடல் ஒரு பட்டை, மிச்சமெல்லாம் வானம். மணலில் நகக்கண் அளவுக்கு ஒரு துறவி. அவ்வளவுதான். பக்கத்து சீட் நண்பர் முதல் நாள் பார்த்துவிட்டு, "என்னங்க, பாதி வரைஞ்சதும் கை வலிச்சிருச்சா?" என்று கேட்டார். 1809ல் இந்தப் படத்தை ஃப்ரீட்ரிக்கின் அறையிலேயே பார்த்த ஒரு பெண்மணிக்கும் (அவர் கணவரும் ஓவியர்) ஏறக்குறைய இதே குறைதான். படகு இல்லை, கப்பல் இல்லை, ஒரு கடல் பூதம்கூட இல்லை என்று கடிதத்தில் அலுத்துக்கொண்டிருக்கிறார்.

உண்மையில் கப்பல் இருந்தது. பின்னாளில் அகச்சிவப்புக் கதிரால் சோதித்தபோது, வண்ணத்துக்கு அடியில் ஃப்ரீட்ரிக் முதலில் போட்டிருந்த பாய்மரக் கப்பல்கள் தெரிந்தன. பிறகு அவரே அவற்றை வேண்டாமென்று மறைத்திருக்கிறார். கப்பல் இருந்தால் கண் நேரே அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். யார் வருகிறார், யார் போகிறார் என்று ஒரு கதை கிடைத்துவிடும். அதை எடுத்த பிறகு துறவிக்கும் பிடிமானம் இல்லை, நமக்கும் இல்லை. தனிமையை முகத்தில் காட்ட அவர் முயலவே இல்லை, முகம்தான் தெரியாதே.

அதனால் ‘இந்த மரத்துக்கு இந்த அர்த்தம்’ என்று அகராதி போட்டுப் பார்ப்பதில் எனக்கு ஈடுபாடு குறைவு. அவரே ஒருமுறை அப்படி விளக்கம் எழுத வேண்டி வந்தது. மலை உச்சியில் சிலுவை நிற்கும் படத்தை 1808ல் வழிபாட்டுப் பீடத்துக்கான ஓவியமாக வரைந்தார். இயற்கைக் காட்சி பீடத்தில் ஏறுவதா என்று ஒரு விமர்சகர் பொரிந்து தள்ளிவிட்டார். பாறை விசுவாசம், என்றும் பசுமையான ஊசியிலை மரங்கள் நம்பிக்கை என்று ஃப்ரீட்ரிக் பதில் சொன்னார். சரிதான். ஆனால் அந்த விளக்கத்தைப் படித்துவிட்டுப் பார்த்தால் எனக்குப் படம் கொஞ்சம் சின்னதாகிவிடுகிறது.

‘பனிக்கடல்’ ஓவியத்துக்கும் இதே கதிதான். அதை முதலில் பார்த்தபோது உடைந்த கல் பலகைகளின் குவியல் என்றுதான் நினைத்தேன். வலப்பக்கம் பனிப்பாளங்களுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் கப்பல் ரொம்ப நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. 1823-24ல் வரைந்தது. டிரெஸ்டன் வழியாக ஓடும் எல்பே ஆறு உறைந்தபோது கரையில் ஒதுங்கிய பனிக்கட்டிகளை அதற்கு முன்பே வரைந்து பழகியிருந்தார். ஆற்றுப் பனிதான் படத்தில் துருவக் கடலாக வளர்ந்து நிற்கிறது. அவருக்கு 13 வயதில் தம்பி நீரில் மூழ்கி இறந்தான். பனி உடைந்து விழுந்தான், இவரைக் காப்பாற்றப் போய்த்தான் இறந்தான் என்று சொல்வார்கள். அதை வைத்து ‘பனி என்றால் தம்பியின் சாவு’ என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அது ஒட்டவில்லை. அந்தக் கூரான பாளங்களில் துக்கத்தைவிட, யார் வந்தாலும் அசைந்து கொடுக்காத ஒரு விறைப்புதான் தெரிகிறது. அவர் சாகும்வரை அந்தப் படம் விற்கவில்லை.

1835ல் பக்கவாதம் வந்தது. அதற்கப்புறம் எண்ணெய் வண்ணத்தில் அதிகம் வரைய முடியவில்லை. சீபியா என்ற பழுப்பு மையில் சிறிய படங்கள் வரைந்தார்: நிலா, கல்லறை, அதன் பக்கத்தில் ஓர் ஆந்தை. துறவியையும் மலையேறியவரையும் கடைசிவரை முதுகு காட்டியே நிற்க வைத்தவர் அவர். அந்த ஆந்தை மட்டும் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறது.