மூர்த்தி பெயரை அடித்தால் ஹெல்ப் மெனு ஏன் திறக்கிறது?

கேள்வி: அக்கா, எங்கள் ஜவுளிக்கடை பில்லிங் சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. பாமினி எழுத்துருவில் ஓடுகிறது, எக்ஸெலில் இருந்து பெயர்களை ஏற்ற வழியே இல்லை. வாடிக்கையாளர் பெயர் 1,140 இருக்கிறது. கையால் அடித்து மாளாது என்று விபி டாட் நெட் நிரல் மொழியில், நாமே விசை அழுத்துவது போல அனுப்பும் சென்ட்கீஸ் கட்டளையை வைத்து ஒரு நிரல் எழுதினேன். முருகன், செல்வி, லட்சுமி எல்லாம் ஒழுங்காக விழுகின்றன. பூங்கொடி வந்தால் எழுத்து மாறிப்போகிறது. மூர்த்தி வந்தால் ஹெல்ப் மெனு திறக்கிறது. ஷண்முகம் வந்தால் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்க, ‘ண்முகம்’ மட்டும் ஊர்க் கட்டத்தில் போய் உட்காருகிறது. தூயமணியில் நிரலே நின்றுவிடுகிறது. எங்கே தப்பு?
— ஒரு வாசகர், பரமக்குடி

பதில்: தம்பி, தப்பான நான்கு பெயரையும் தனித்தனியாக எழுதி அனுப்பினீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ‘சில பெயர் வரவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் என்னால் கண்டுபிடித்திருக்க முடியாது.

பாமினியில் கணினி பார்ப்பது தமிழை அல்ல, ஆங்கில விசைகளை. ‘அம்மா’ என்றால் அதற்குத் தெரிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து விசைகள்தான். எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. இனி உங்கள் பெயர்களைப் பாருங்கள். ‘பூ’ என்பது சின்ன ஜி, அடுத்து கூட்டல் குறி. ‘மூ’ என்பது சதவீதக் குறி. ‘ஷ’ என்பது டில்டே எனும் நெளிகோடு. ‘தூ’ என்பது பெரிய ஜே, அடுத்து மூடும் நெளி அடைப்புக்குறி.

சென்ட்கீஸுக்கு இந்தக் குறிகளெல்லாம் கட்டளைகள். கூட்டல் வந்தால் ஷிஃப்டை அழுத்து என்று பொருள், சதவீதம் வந்தால் ஆல்ட், டில்டே வந்தால் என்டர். மூர்த்தியில் சதவீதக் குறிக்கு அடுத்து நிற்பது ‘ர்’ எழுத்துக்கான எச். ஆல்ட்டும் எச்சும் சேர்ந்தால் எந்த மெனு திறக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஷண்முகத்துக்கு முதல் எழுத்தே என்டராகி, அடுத்த கட்டத்துக்குத் தாவிவிட்டது. தூயமணியில் திறக்காத அடைப்புக்குறி மூடப்படுவதால் சென்ட்கீஸ் பிழை காட்டி நிற்கிறது. நான்கில் அது ஒன்றுதான் உங்களுக்கு நல்லது செய்தது, வெளிப்படையாக நின்றதே!

தீர்வு சின்னது. அந்தக் குறிகள் ஒவ்வொன்றையும் நெளி அடைப்புக்குறிக்குள் போட்டு அனுப்புங்கள். ‘டூ’ எழுத்துக்கு வரும் கேரட் எனும் கூரைக் குறி, ‘ஜ’, ‘ஸ’ இரண்டுக்கும் வரும் சதுர அடைப்புகள், வளை அடைப்புகள் எல்லாவற்றுக்கும் இதேதான். ஆனால் ரீப்ளேஸ் கட்டளையை வரிசையாக அடுக்காதீர்கள். முதலில் கூட்டலை மாற்றிவிட்டு அப்புறம் அடைப்புக்குறியை மாற்றப் போனால், நீங்களே போட்ட அடைப்புகளும் மாறிக் குழம்பிவிடும். பெயரை ஓரெழுத்தாகப் படித்து, சிறப்புக் குறி என்றால் அடைப்புக்குள், இல்லையென்றால் அப்படியே, என்று புதுச் சரத்தில், அதாவது புது எழுத்துத் தொடரில், சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நிரல் அனுப்பும் விசைகள் பில்லிங் சாஃப்ட்வேருக்குப் போவதில்லை. அந்த நொடியில் எந்த ஜன்னல் முன்னால் நிற்கிறதோ அதற்குத்தான் போகும். சிவகாசியில் டிடிபி வேலை பார்த்த காலத்தில் ஓர் அச்சகத்துக்காக இதே மாதிரி ரசீதுகளை ஏற்றினேன். டீ குடிக்க எழுந்து போன நேரத்தில் ‘பிரின்டரில் காகிதம் இல்லை’ என்ற பெட்டி முன்னால் வந்துவிட்டது. ஒரு பெயர் பாதி அந்தப் பெட்டியிலும் பாதி ரசீதிலும் போனது, அதன்பின் வந்தவை ஒவ்வொன்றும் ஒரு கட்டம் தள்ளி விழுந்தன. ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் பெயரில் ஏறியிருந்தது. பேரேட்டை வைத்துக்கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்து திருத்தினேன். பணம் கட்டியவர் வந்து நின்று, ‘என் பேரே இல்லையேம்மா’ என்று கேட்ட முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

அதனால் ஒவ்வொரு பெயருக்கு முன்பும் கெட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ என்ற விண்டோஸ் கட்டளையைக் கூப்பிட்டு, முன்னால் நிற்பது உங்கள் பில்லிங் ஜன்னல்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் நிரல் அங்கேயே நிற்கட்டும். சென்ட்கீஸில் சென்ட்டுக்குப் பதில் சென்ட்வெயிட் போட்டால், அனுப்பிய விசைகள் கையாளப்படும்வரை நிரல் காத்திருக்கும். முதலில் அந்த நான்கு பெயரை மட்டும் ஏற்றிப் பாருங்கள், அப்புறம் இருபது, அப்புறம் மொத்தமும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. டபிள்யூஎம் செட்டெக்ஸ்ட் என்ற செய்தியை அந்தக் கட்டத்துக்கே நேராக அனுப்பினால் விசை, ஷிஃப்ட், ஆல்ட் எதுவும் குறுக்கே வராது. சில பழைய சாஃப்ட்வேர்கள் விசை அழுத்தப்பட்டால் மட்டுமே கட்டம் மாறியதாக எடுத்துக்கொள்ளும். ஒரு பெயரைப் போட்டு, சேமித்து, மூடித் திறந்து பாருங்கள். பெயர் அப்படியே இருந்தால் இதையே வைத்துக்கொள்ளுங்கள், நான் இதைத்தான் விரும்புவேன்.

கேள்வி: அக்கா, விசைகளை அனுப்பும் விண்டோஸ் கட்டளையான சென்ட்இன்புட்டில், எழுத்தை யூனிகோடாகவே அனுப்பச் சொல்லும் கொடியைப் போட்டுத் தமிழ் அனுப்புகிறேன். நோட்பேடில் அழகாக வருகிறது. அலுவலகத்தின் பழைய மென்பொருளில் வெறும் கேள்விக்குறிகளாக விழுகின்றன.
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் நிரலில் பிழை இல்லை, தங்கச்சி. அந்த மென்பொருள் யூனிகோடுக்கு முந்தைய முறையில் எழுதப்பட்டது. அப்படிப்பட்டவை எழுத்தைக் கோட்பேஜ், அதாவது ஒரு மொழியின் எழுத்துகளுக்கான எண் அட்டவணை, வழியாக மாற்றித்தான் வாங்கும். விண்டோஸில் ரஷ்ய மொழிக்கு 1251, கிரேக்கத்துக்கு 1253 என்று கோட்பேஜ் உண்டு. தமிழுக்கு இத்தகைய மென்பொருள்கள் பயன்படுத்தும்படி அப்படி ஒன்று தரப்படவே இல்லை. மாற்ற இடமில்லாத எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி வைக்கப்படுகிறது. அது திரையில் மட்டும் தெரிகிற கோளாறு அல்ல, சேமித்தால் கோப்பிலும் கேள்விக்குறிதான் இருக்கும், அதிலிருந்து பெயரை மீட்க முடியாது. அங்கே பாமினிக்கு மாற்றிய சரத்தை அனுப்புங்கள். இதுவரை சேமித்துவிட்ட பதிவுகள் இருந்தால், மூலப் பட்டியல் கையில் இருக்கும்போதே அவற்றை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிவிடுங்கள்.