நியூ ஆர்லியன்ஸ் மார்டி க்ரா: கேள்வி பதில்

நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஊர்வலத் திருவிழாப் பருவத்தின் கடைசி நாள்தான் மார்டி க்ரா. 2027இல் அது பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. பருவம் ஜனவரி 6ஆம் தேதியே தொடங்கிவிடும். ஆனால் பெரிய ஊர்வலங்கள் எல்லாம் கடைசி வாரத்தில்தான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆஸ்டின் அப்பா: இரண்டு குழந்தைகளோடு காரில் வருகிறோம். அறை எங்கே எடுக்கலாம்?

முதலில் ஊர்வலப் பாதையை வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஊர்வலங்கள் நெப்போலியன் அவென்யூ வழியாக வந்து, செயின்ட் சார்லஸ் அவென்யூவில் திரும்பி, கனால் தெருவுக்குப் போகும். இந்த மூன்று பக்கத்தையும் ஊர்வலம் அடைத்துக்கொண்டால் நான்காவது பக்கம் மிசிசிப்பி ஆறு. உள்ளூர்க்காரர்கள் இந்தப் பகுதியைப் 'பெட்டி' என்பார்கள். ஊர்வலம் ஓடும்போது பெட்டிக்குள் இருக்கும் கார் வெளியே வராது, வெளியே இருப்பது உள்ளே போகாது. வார இறுதியில் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலங்கள் வரும் என்பதால் அரை நாள் அப்படியே போய்விடும். நடந்து போகிறவர்கள் மட்டும் காவலர் விடும் இடைவெளியில் குறுக்கே கடக்கலாம்.

குழந்தைகளோடு என்றால் செயின்ட் சார்லஸிலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். காலையிலேயே போய்ச் சேர்ந்து, காரை நிறுத்திவிட்டு மறந்துவிடுங்கள். பாதையிலேயே நிறுத்திவிடாதீர்கள். ஊர்வலத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அங்கு நிறுத்தத் தடை, வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள்.

ஆஸ்டின் அப்பா: ஏணி கொண்டுவரச் சொல்கிறார்களே?

ஆமாம், சின்னப் பிள்ளைகளுக்கு ஏணிதான். ஏணி உச்சியில் மரப்பெட்டி இருக்கை ஒன்றைப் போல்ட் போட்டு முடுக்கி, முன்னால் ஒரு தடுப்புக் கட்டை வைத்திருப்பார்கள். பிள்ளை அதில் உட்காரும், பெரியவர் ஒருவர் பின்படியில் ஏறி நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். நடைபாதை விளிம்பிலிருந்து ஆறு அடி தள்ளித்தான் வைக்கலாம். இரண்டு ஏணிகளைச் சேர்த்துக் கட்டக்கூடாது. காரணம் எளிது: கூட்டம் நெருக்கும்போது உயரமான ஏணி சாய்ந்தால் பிள்ளை நேரே ஊர்வல வண்டியின் சக்கரத்தின் பக்கம் விழும்.

ஊர்வல வண்டியிலிருந்து வீசும் மணிமாலை கீழே விழுந்தால் பிள்ளைகள் பாய்ந்து எடுக்கப் போவார்கள். விடாதீர்கள். முதலில் காலால் மிதித்துக்கொண்டு, பிறகு குனிந்து எடுப்பதுதான் இந்த ஊர்ப் பழக்கம். கையை முதலில் நீட்டினால் விரலை யாராவது மிதித்துவிடுவார்கள். உருண்டு வண்டிப் பக்கம் போனதை விட்டுவிடுங்கள். 2020இல் இரண்டு பகுதிகளாக இணைத்த ஊர்வல வண்டிகளால் ஒரே பருவத்தில் இருவர் உயிரிழந்தார்கள்.

கோடம்பாக்கம்: போர்பன் தெருவில் ஊர்வலம் எத்தனை மணிக்கு?

அங்கே பெரிய ஊர்வலம் கிடையாது. போர்பன் இருக்கும் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரின் குறுகிய தெருக்களில் பெரிய வண்டிகளை 1970களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். போர்பனில் இருப்பது பால்கனியும் குடியும் கூட்டமும்.

தவில்பிரியன்: இசைக்காக மட்டும் வருகிறேன். எங்கே நிற்க வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வண்டிகளைவிட அவற்றுக்கு நடுவே நடந்து வரும் பள்ளி வாத்தியக் குழுக்களைக் கேளுங்கள். செயின்ட் அகஸ்டின் பள்ளியின் 'மார்ச்சிங் 100' குழுவைத் தவறவிடாதீர்கள். 1967இல் ரெக்ஸ் என்ற பழைய சங்கத்தின் ஊர்வலத்தில் நிறத்தடையை உடைத்து நடந்தது அந்தக் கறுப்பினப் பிள்ளைகளின் குழு. பித்தளைக் கருவிகள் முழு மூச்சில் ஊதிக்கொண்டு வரும், கூடவே சூசபோன் என்ற பெரிய பித்தளைக் குழல்களும் முரசுகளும். நெப்போலியன் பக்கம் நின்றால் பிள்ளைகள் களைப்பில்லாமல் வாசிப்பதைக் கேட்கலாம். கனால் தெருவை அடையும்போது பல மைல் நடந்திருப்பார்கள்.

இரவு ஊர்வலங்களில் தீப்பந்தம் சுமந்து ஆடி வரும் ஃப்ளாம்போ ஆட்களுக்குக் கொடுக்கச் சில்லறை நோட்டு வைத்திருங்கள். அது அவர்களுக்குரிய மரியாதை.

செவ்வாய் காலை ட்ரெமே பகுதிக்கோ கிளெய்போர்ன் அவென்யூ மேம்பாலத்தடிக்கோ போனால் 'மார்டி க்ரா இந்தியர்கள்' எனப்படும் குழுக்களைக் காணக்கூடும். நம் ஊர் இந்தியர்கள் அல்ல, அமெரிக்கப் பழங்குடியினர் பாணியில் உடையணியும் உள்ளூர்க் கறுப்பின மக்கள். நேரமும் பாதையும் அறிவிக்க மாட்டார்கள். முதலில் வேவு பார்க்கும் ஸ்பை பாய், பிறகு கொடி பிடிக்கும் ஃப்ளாக் பாய், பின்னால் தலைவரான பிக் சீஃப். தம்புரின் தாளத்தில் ஒருவர் பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். மணியும் இறகும் வைத்த அந்த உடையை ஆண்டு முழுக்கக் கையால் தைக்கிறார்கள். தொடாதீர்கள், குறுக்கே புகாதீர்கள், நெருங்கிப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். இவர்களை நிதானமாகப் பார்க்க மார்ச் 19, செயின்ட் ஜோசப் நாளை ஒட்டிய 'சூப்பர் சண்டே' நல்லது.

மற்ற இரவுகளுக்கு இசை அரங்குகள் இருக்கும் ஃப்ரெஞ்ச்மென் தெரு. 1961இல் தொடங்கிய ஜாஸ் அரங்கமான ப்ரிசர்வேஷன் ஹாலுக்கு முன்பதிவு அவசியம்.

நெல்லை வாசி: போர்பன் தெரு பால்கனியில் இடம் வாங்கலாமா?

மேலே பதில் இருக்கிறது. அந்தப் பணத்தில் செயின்ட் சார்லஸ் அருகே ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள்.

சைவம்: சாப்பாடு?

கவனம். ரெட் பீன்ஸில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும், கம்போ என்ற குழம்பிலும் இறைச்சியோ மீனோ இறாலோ இருக்கும். பொரித்த காய்கறி கேட்டால் அதே எண்ணெயில் இறால் பொரித்தார்களா என்று விசாரியுங்கள். கிங் கேக் என்ற திருவிழா இனிப்பு ரொட்டியில் முட்டை உண்டு, முட்டை சாப்பிடுகிறவர் தாராளமாகச் சாப்பிடலாம். உள்ளே பிளாஸ்டிக் குழந்தை பொம்மை இருக்கலாம், பார்த்துக் கடியுங்கள்.

பசுமைப்பித்தன்: அண்ணா, அந்த பிளாஸ்டிக் மாலைகளைப் பிடிக்காதீர்கள் என்று ஏன் சொல்லவில்லை? குப்பைதானே?

நியாயமான கேள்வி. 2018 தொடக்கத்தில் நகராட்சி வெளியிட்ட கணக்கு: செயின்ட் சார்லஸில் ஐந்து பிளாக் நீளத்தில் மட்டும் மழைநீர்க் குழிகளிலிருந்து 93,000 பவுண்டு மாலைகள், அதாவது 42 டன். இந்த ஊரில் ஏறத்தாழ பாதி கடல் மட்டத்துக்குக் கீழே தாழ்ந்த நிலம், மழைநீரைப் பம்ப் வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். குழி அடைத்தால் தெருவே மூழ்கும்.

கோடம்பாக்கம்: மாலை இல்லாமல் என்ன மார்டி க்ரா? நூறு வருஷப் பழக்கம்!

வீசுவது பழைய பழக்கம், உண்மை. ஆனால் பழைய மாலைகள் கண்ணாடி மணி. பிளாஸ்டிக் பின்னால் வந்தது.

பசுமைப்பித்தன்: அப்படியானால் தடை செய்யட்டும்.

ஊர்வலம் நடத்தும் சங்கங்களை இங்கே 'க்ரூ' என்பார்கள். ஃப்ரெரெட் க்ரூ 2025இல் பிளாஸ்டிக் மாலையை நிறுத்திவிட்டது, ஊர்வலம் சோடை போகவில்லை. ஊர்க்காரர்கள் ஆசைப்படுவது கையால் செய்தவற்றுக்குத்தான்: ம்யூஸஸ் என்ற பெண்கள் க்ரூ ஜிகினா ஒட்டி அலங்கரித்த செருப்பு, ஸூலு க்ரூ வண்ணம் தீட்டிய தேங்காய். ஸூலு தேங்காயை வீச மாட்டார்கள், கையில் கொடுப்பார்கள், ஆகவே நடைபாதை விளிம்பில் முன்வரிசையில் நில்லுங்கள். மாலையைப் பிடித்தால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள், அல்லது மறுசுழற்சிக்குக் கொடுங்கள். ஆர்க் அமைப்பு வாங்கிப் பிரித்துத் திரும்ப விற்கிறது, அதில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலையும் கிடைக்கிறது. தெருவில் மட்டும் போடாதீர்கள். இந்த வாதத்தை இத்தோடு விடுவோம், வேறு கேள்விகள் நிற்கின்றன.

ரயில்வண்டி: செயின்ட் சார்லஸ் ஸ்ட்ரீட்காரில் ஊர்வலத்துக்குப் போகலாமா?

ஊர்வலம் போகும் நேரத்தில் அந்தப் பாதையில் ஓடாது. தண்டவாளம் கிடக்கும் நடுத்திட்டில்தான் ஜனங்கள் நிற்பார்கள். நடக்கத் தயாராக வாருங்கள்.

மதுரை மச்சான்: போர்பன் தெருவில்…

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

டல்லாஸ் தம்பதி: ஞாயிறு மாலை விமானம் இறங்குகிறது, அறை மேகஸின் தெருவில்.

நெப்போலியனுக்கும் கனாலுக்கும் இடையில் என்றால் அது மேலே சொன்ன 'பெட்டி'க்குள். அன்று மாலை பாக்கஸ் ஊர்வலம். டாக்சி உள்ளே போகாது, பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்க வேண்டும். விமானத்தைக் காலைக்கு மாற்றுங்கள்.

தஞ்சை: மழை பெய்தால்?

தூறலுக்கு நிற்காது. இடி மின்னலும் பலத்த காற்றும் இருந்தால் நேரத்தை மாற்றுவார்கள், பாதையைச் சுருக்குவார்கள். 2025 மார்டி க்ரா அன்று காற்று எச்சரிக்கையால் ஸூலுவையும் ரெக்ஸையும் முன்கூட்டியே கிளப்பினார்கள். அச்சிட்ட அட்டவணையை நம்பாமல், உள்ளூர்த் தொலைக்காட்சியின் ஊர்வலம் காட்டும் செயலியைக் காலையிலேயே பாருங்கள்.