கடன் வாங்கி சோனிக்கு மாறலாமா?

கேள்வி: வணக்கம் சார். மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறேன், வயது 31, கல்யாண போட்டோகிராஃபர். என்னிடம் நிக்கான் டி750, 24-120 எஃப்4ஜி லென்ஸ், 85 எம்எம் 1.8ஜி, 50 எம்எம் 1.8டி, ஒரு நிக்கான் ஃபிளாஷ் இருக்கின்றன. இப்போது பார்ட்டிகள் 4கே வீடியோவும் ரீல்ஸும் கேட்கிறார்கள். அதற்குக் கல்யாணத்துக்கு 6,000 ரூபாய் கூடுதலாகவும் தரத் தயார், ஆனால் என் கேமராவில் 4கே வராது. ஒரு நண்பன் "சோனிக்கு மாறு, நிக்கான் கம்பெனியே நிற்காது" என்கிறான். இன்னொருவன் கலருக்கு கேனன்தான் என்கிறான். சோனி ஏ7 ஃபோர், 24-70 ஜி மாஸ்டர் லென்ஸ் சேர்த்து 4,30,000 ரூபாய்க்கு கொட்டேஷன் வாங்கிவிட்டேன். 1,50,000 கையிலிருந்து கட்டி, மீதி 18 மாத நோ காஸ்ட் இஎம்ஐ. நிக்கான் இசட்5 டூ பாடியும், பழைய லென்ஸ்களை அதில் மாட்டுவதற்கான எஃப்டிஇசட் அடாப்டரும் 1,65,000 சொன்னார்கள். சேமிப்பு 2,40,000. வருடத்துக்கு 7 லட்சம் பில் போடுவேன், செலவு போக 4 லட்சம் நிற்கும். வாடகை, பெண்ணின் ஸ்கூல் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு மாதம் 26,000. அம்மா வளையலை அடகு வைத்துக்கொள் என்கிறார். எதை வாங்குவது? கேமரா வாங்கினால் வரி மிச்சமாகுமா? டி750-க்கு 28,000 எக்ஸ்சேஞ்ச் தருகிறார்கள், கொடுத்துவிடலாமா?

பதில்: அம்மாவின் வளையல் அம்மா கையிலேயே இருக்கட்டும். இந்தக் கணக்கில் அதைத் தொட வேண்டிய அவசியமே வராது.

நீங்கள் சொன்ன எண்களையே எடுத்துக்கொள்வோம். வருடம் 4 லட்சம் என்றால் மாதம் 33,000 சொச்சம். வீட்டுக்கு 26,000 போனால் மிச்சம் 7,000. நீங்கள் கட்டப் போகும் இஎம்ஐயோ மாதம் 15,556. அதாவது மாதாமாதம் எட்டாயிரத்துக்கு மேல் துண்டு விழும், அதுவும் எல்லா மாதமும் ஒரே மாதிரி வேலை வந்தால்தான் இந்தக் கணக்கு. உங்கள் தொழிலில் அப்படி வராது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் நம்மாட்கள் கல்யாணம் வைப்பதில்லை. மும்பையில் அதோடு முடியவில்லை: ஆஷாடி ஏகாதசியிலிருந்து கார்த்திகை ஏகாதசி வரை சாதுர்மாசம் என்று மராத்தி, குஜராத்தி வீட்டுக்காரர்களும் கல்யாணம் வைப்பதைப் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். ஆவணியில் நம்மாட்கள் வீட்டு முகூர்த்தம் நாலைந்து கிடைக்கலாம். அதை வைத்து வாடகை கொடுப்பீர்களா, பேங்க்குக்குக் கட்டுவீர்களா?

நோ காஸ்ட் என்ற பெயரிலும் மயங்காதீர்கள். வட்டி அதில் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது. பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டியை வேறு பெயரில் மறைக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் பேங்க்குகளைக் கண்டித்திருக்கிறது. பொதுவாக நடப்பது இதுதான்: வட்டிக்குச் சமமான தொகையைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாகக் காட்டும், பேங்க் அதை வட்டியாக எடுத்துக்கொள்ளும், அந்த வட்டி மீதான 18% ஜிஎஸ்டி மட்டும் உங்கள் தலையில் விழும். வட்டி 16% என்று வைத்துக்கொண்டால் உங்கள் 2,80,000 ரூபாய்க்குள் 32,500 போல வட்டி இருக்கிறது, அதற்கு ஜிஎஸ்டி 5,850, ப்ராசஸிங் ஃபீஸ் தனி. எந்த கேமரா வாங்கினாலும் சரி, கடைக்காரரிடம் முதலில் "மொத்தமாகக் கட்டினால் என்ன விலை?" என்று கேளுங்கள். அந்தத் தள்ளுபடியில் ஒரு பங்காவது உங்கள் கைக்கு வரும்.

சரி, பிராண்ட் சண்டைக்கு வருவோம். ஆல்பத்தைப் புரட்டும் பெண் வீட்டுக்காரர் இது சோனியில் எடுத்ததா நிக்கானில் எடுத்ததா என்று கேட்கப் போவதில்லை. 6,000 கூடுதல் என்பது 4கே வீடியோவுக்குத்தான், பிராண்டுக்கு இல்லை. நிக்கான் வாங்கினால் 1,65,000 திரும்பி வர 28 கல்யாணம் போதும். சோனி செட்டுக்கு 72 கல்யாணம் வேண்டும். இரண்டு வழியிலும் பார்ட்டி கையில் கிடைப்பது ஏறக்குறைய ஒரே வீடியோ.

நிக்கான் நிற்காது என்ற பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்ல மாட்டேன். கேமரா கம்பெனிகள் கைமாறியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்: 2006-ல் கோனிகா மினோல்டா தன் கேமரா தொழிலைக் கைவிட்டபோது அதை எடுத்துக்கொண்டதே சோனிதான், ஒலிம்பஸ் 2020-ல் கேமரா பிரிவை விற்பதாக அறிவித்தது. ஆனால் நிக்கான் 2024-ல் சினிமா கேமரா செய்யும் ரெட் கம்பெனியையே வாங்கியது, 2025-ல் இந்த இசட்5 டூவை இறக்கியது. கடையைக் கட்டுகிறவர்கள் செய்யும் வேலை இல்லை இது. அப்படியே ஏதாவது ஆனாலும், உங்கள் கேமரா தேய்வதற்குள் அதில் போட்ட பணம் திரும்பியிருக்கும்.

கேனன் நண்பருக்கும் ஒரு வார்த்தை. கேனன் கலர் நன்றாகத்தான் இருக்கும், எடிட்டிங்கில் மற்றவர்களும் அதே இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். என்னை யோசிக்க வைப்பது அதன் ஆர்எஃப் மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டும் இடம். 2018-ல் அதை ஆரம்பித்ததிலிருந்து வெளிக் கம்பெனிகளின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களைக் கேனன் ரொம்ப காலம் உள்ளே விடவில்லை. 2024-ல் சிக்மாவையும் டாம்ரானையும் அனுமதித்தபோதும் சின்ன சென்சார் கேமராக்களுக்கான லென்ஸ்களோடு நிறுத்திக்கொண்டது. லென்ஸுக்குப் போட்டி இல்லாத இடத்தில் விலை இறங்காது, சின்ன முதலீட்டுக்காரருக்கு அது பாரம்.

இந்த விஷயத்தில் சோனி கெட்டிக்காரன். மவுண்ட்டை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டதால் டாம்ரான் 28-75 போன்ற நல்ல லென்ஸ் ஜி மாஸ்டர் விலையில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கிறது. ஆக, சோனிக்கே போவதாக இருந்தாலும் உங்கள் கொட்டேஷனில் ஜி மாஸ்டருக்கு வேலையே இல்லை. கடைக்காரர் அதை ஏன் சேர்த்தார் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

உங்களுக்கு நான் நிக்கான் சொல்வதற்குக் காரணம் உங்கள் பை. 24-120, 85 இரண்டிலும் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் அடாப்டர் போட்டாலும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். ஃபிளாஷ் அப்படியே மாட்டிக்கொள்ளும். டி750 போலவே இசட்5 டூவிலும் இரண்டு எஸ்டி கார்டு ஸ்லாட் உண்டு, கார்டுகளுக்குத் தனிச் செலவு இல்லை. 50 எம்எம் 1.8டி மட்டும் உதைக்கும். அதைக் கழற்றிப் பின்பக்க உலோக வளையத்தைப் பாருங்கள், ஸ்க்ரூடிரைவர் நுனி நுழைகிற மாதிரி ஒரு சின்ன வெட்டு தெரியும். டி750 தன் மோட்டாரால் அதைத் திருகித்தான் ஃபோகஸ் செய்கிறது. எஃப்டிஇசட் அடாப்டருக்குள் அந்த மோட்டார் கிடையாது, அதனால் அந்த லென்ஸில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கடையில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த ஒரு லென்ஸுக்காக பிராண்ட் மாறத் தேவையில்லை. அது டி750-லேயே கிடக்கட்டும்.

1,65,000 கட்டினால் சேமிப்பில் 75,000 மிஞ்சும், அதாவது ஏறக்குறைய மூன்று மாத வீட்டுச் செலவு. சாதுர்மாசத்தைத் தாண்ட இது தேவை, இதற்குக் கீழே இறங்காதீர்கள். மாதம் மிஞ்சும் 7,000-ஐ ஆர்டியில் போட்டால் ஒரு வருடத்தில் 84,000 சேரும், அப்போது அடாப்டர் வேண்டாத ஒரு இசட் லென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். நடுவில் கடன்தான் வேண்டும் என்று வந்தால் நகையை விட்டுவிட்டு பேங்க்கில் முத்ரா கேளுங்கள், சிறு தொழிலுக்கான அரசுத் திட்டக் கடன் அது. கிஷோர் பிரிவில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் தரலாம், கிடைக்கிறது என்பதற்காக 5 லட்சமும் கேட்காதீர்கள்.

ஒரே ஒரு நிலைமையில் என் பதில் மாறும். உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் வேறொரு கேண்டிட் டீமுக்குப் போய் எடுத்துக் கொடுப்பதிலிருந்து வருகிறது, அந்த டீம் முழுக்க சோனி, எடிட்டில் கலர் சேரவில்லை என்று உங்களைக் கூப்பிடுவதைக் குறைக்கிறார்கள் என்றால், அப்போது சோனிதான். அதுவும் பழைய ஏ7 த்ரீ ஒன்று, ஒரு டாம்ரான், அவ்வளவுதான். செகண்ட் ஹேண்ட் பாடியில் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள், அந்த மாடலுக்கு 2 லட்சம் முறை என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. எதுவானாலும் முடிவெடுப்பதற்கு முன் அந்தேரி பக்கம் இசட்5 டூவையும் அடாப்டரையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, இருட்டான ரிசப்ஷன் ஹாலில் உங்கள் 24-120-ஐயே மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

வரி பற்றிக் கேட்டீர்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை நீங்கள் கட்ட வேண்டிய வரியே இல்லை, இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது? நீங்கள் வருடத்துக்குப் போடும் பில் 20 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமில்லை. பதிவு இல்லாமல் கேமரா விலையில் இருக்கும் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியாது. 4,30,000-ல் அது மட்டும் 65,000-க்கு மேல். அதிலிருந்து தப்பிக்க ஃபோர்ட் போரா பஜார் பக்கம் யாராவது பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் போகாதீர்கள். இந்தியா வாரண்டிக்கும் சரி, நாளைக்கு லோக்கல் ட்ரெயினில் பை தொலைந்து இன்ஷூரன்ஸ் கேட்பதற்கும் சரி, சீரியல் நம்பர் போட்ட பில் வேண்டும்.

டி750-ஐக் கொடுக்காதீர்கள். தாலி கட்டும் நேரத்தில் புது பாடி மக்கர் செய்தால் கையில் எடுக்க இன்னொன்று வேண்டும். அந்த 28,000-க்கு அதைவிட நல்ல இரண்டாவது பாடி உங்களுக்குக் கிடைக்காது.