வாசகர் கேள்வி பதில்: டச்பேட் செட்டிங் ஏன் நிக்க மாட்டேங்குது?

கேள்வி: டைப் அடிக்கும்போது உள்ளங்கை பட்டு கர்சர் வேற வரிக்கு ஓடிடுதுன்னு, டச்பேட்ல தட்டினா க்ளிக் ஆகுற வசதியை ஆஃப் பண்ணி வச்சேன். அன்னைக்கு பூரா நல்லா இருக்கு, ரீஸ்டார்ட் பண்ணினா திரும்ப ஆன் ஆகி நிக்குது. டச்பேடை விண்டோஸோட பேச வைக்கிற டிரைவர் சாஃப்ட்வேரை மூணு தடவை அழிச்சு அழிச்சு போட்டாச்சு. விண்டோஸையே புதுசா போடுன்னு சொல்றாங்க, போட்டுடலாமா?

பதில்: வேண்டாங்க. இப்போதைக்கு விண்டோஸ் மேல கையே வைக்காதீங்க. எழுதிட்டிருக்கும்போது கர்சர் ஓடி பாதி வாக்கியம் வேற பத்தியில போய் விழுறது எவ்வளவு எரிச்சல்னு எனக்கும் தெரியும், ஆனா இதுக்காக எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சா அதே டிரைவர் அப்டேட்ல தானா வந்து உக்காந்து அதே வேலையை செய்ய நிறைய வாய்ப்பு இருக்கு.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். நீங்க மாத்தின செட்டிங் பெரும்பாலும் சேவ் ஆகத்தான் செய்யுது. ரெஜிஸ்ட்ரின்னு விண்டோஸ் வச்சிருக்கிற பெரிய கணக்குப் புத்தகத்துல, உங்க யூசர் பகுதிக்குள்ள போய் எழுதிக்குது. அதுக்கப்புறம் ரெண்டுல ஒண்ணு நடக்குது. ஒண்ணு, மெஷின் எழுந்திரிக்கும்போது வேற யாரோ அதை அழிச்சு எழுதிடறாங்க. இல்லைன்னா எழுதினது அப்படியே இருக்கு, அதைப் படிச்சு டச்பேட்கிட்ட போய் சொல்ல வேண்டிய ப்ரோக்ராம் ஓடலை. இந்த ரெண்டுல எதுன்னு தெரியாமத்தான் எல்லாரும் டிரைவரை மாத்தி மாத்திப் போட்டு ஓய்ஞ்சு போறாங்க.

கண்டுபிடிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல. உங்களுக்குப் புடிச்ச மாதிரி செட்டிங்கை வச்சுட்டு அந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டுற ரெஜெடிட்ங்கிற ப்ரோக்ராமைத் திறங்க, சினாப்டிக்ஸ் கம்பெனி டச்பேடா இருந்தா கரண்ட் யூசர் கிளைக்குள்ள சாஃப்ட்வேர்ங்கிறதுக்கு அடியில சினாப்டிக்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை ரைட் க்ளிக் பண்ணி எக்ஸ்போர்ட் குடுத்து ஒரு ஃபைலா வச்சுக்கோங்க. ரீஸ்டார்ட் பண்ணி செட்டிங் போனதும், எதையும் தொடாம அதையே இன்னொரு தடவை எக்ஸ்போர்ட் பண்ணி ரெண்டு ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா எழுதினது பத்திரமா இருக்கு, படிக்க ஆள் இல்லைன்னு அர்த்தம். வேற வேறயா இருந்தா யாரோ அழிக்கிறாங்க.

படிக்க ஆள் இல்லைன்னா டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்டப் பகுதிக்குப் போங்க. சினாப்டிக்ஸோட ஆளு சின்-டிபி-என்ஹ்-ங்கிற பேர்ல இருப்பான், ஈலான் கம்பெனி டச்பேடுன்னா ஈடிடி கண்ட்ரோல்ங்கிற மாதிரி ஒரு பேர் இருக்கும். லாகின் ஆனதும் உங்க செட்டிங்கை எடுத்து டிரைவர்கிட்ட சேர்க்கிறது இவங்க வேலைதான். மெஷின் ஸ்பீடா திறக்கணும்னு ஸ்டார்ட்டப்ல இருக்கிறதையெல்லாம் வரிசையா டிசேபிள் பண்ணும்போதோ, க்ளீனர் சாஃப்ட்வேர் ஏதாவது ஓட்டும்போதோ இவங்களும் சேர்ந்து போயிடறாங்க. எனேபிள் பண்ணி விட்டீங்கன்னா முடிஞ்சுது. எனக்கு வர்ற கடிதங்கள்ல நிறைய பேருக்கு இதோடயே சரியாயிடுது.

அழிக்கிறாங்கன்னா, சினாப்டிக்ஸ்ல சந்தேகப்பட வேண்டிய ஆள் ஒருத்தர் இருக்கார். ரெஜெடிட்லயே ஃபைண்ட் போட்டு டிலீட்-யூசர்-செட்டிங்ஸ்-ஆன்-அப்கிரேட்னு தேடுங்க, ஆங்கிலத்துல இடைவெளி விடாம ஒரே வார்த்தையா எழுதியிருக்கும். பேரைப் பாத்தாலே தெரியுது, டிரைவர் அப்கிரேட் ஆகும்போது யூசரோட செட்டிங்கை அழிச்சுடுன்னு சொல்ற உத்தரவு அது. பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் சில மெஷின்ல ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் இப்பதான் அப்கிரேட் ஆனோம்ங்கிற நினைப்புலயே டிரைவர் எழுந்திரிக்குது, உடனே எல்லாத்தையும் துடைச்சிடுது. அந்த வேல்யூ 1-ன்னு இருந்தா 0 ஆக்கிட்டு, செட்டிங்கை இன்னொரு தடவை வச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. மாத்துறதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டரையும் எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க, ரெஜிஸ்ட்ரில பேக்கப் இல்லாம எதையும் தொடாதீங்கன்னு நான் எப்பவும் சொல்றதுதான்.

இன்னொண்ணும் கவனிக்கணும். ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணினா செட்டிங் அப்படியே நிக்குது, ரீஸ்டார்ட் பண்ணினா மட்டும்தான் போகுதா? ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன்ங்கிறது முழு ஷட்டவுன் கிடையாது, விண்டோஸ் தன்னோட உள்பகுதியையும் டிரைவர்களையும் டிஸ்க்ல எழுதி வச்சுட்டுத் தூங்குது, காலையில அதையே எடுத்து வச்சுக்குது. ரீஸ்டார்ட்லதான் டிரைவர் நிஜமாவே முதல்ல இருந்து கிளம்புது. அதனால ரீஸ்டார்ட்ல மட்டும் போனா டிரைவர் கிளம்புற இடத்துலதான் கோளாறு. லாக் அவுட் பண்ணி வந்தாலே போகுதுன்னா உங்க யூசர் அக்கவுண்ட் பக்கம் பாருங்க. டச்பேட் மட்டுமில்லாம வால்பேப்பர், டெஸ்க்டாப் ஃபைல் எல்லாமே சேர்ந்து காணாம போகுதா, அப்போ விண்டோஸ் உங்களை டெம்பரரி ப்ரொஃபைல்ல உள்ள விடுது, அதுல என்ன மாத்தினாலும் வெளிய வந்ததும் போயிடும், டச்பேடை நோண்டி ஒரு புண்ணியமும் இல்ல. ப்ரொஃபைலைத்தான் சரி பண்ணணும்.

உங்களோடது ப்ரிசிஷன் டச்பேடா இருந்தா கதை வேற. 2013-ல விண்டோஸ் 8.1 கூட வந்த முறை அது, அதுல கம்பெனி ப்ரோக்ராமுக்கு வேலை கிடையாது, சைகையையெல்லாம் விண்டோஸே பாத்துக்குது, செட்டிங்கும் விண்டோஸோட சொந்த செட்டிங்ஸ் பக்கத்துலதான். விண்டோஸ் 10-ல டச்பேட் பக்கத்துலயே இது ப்ரிசிஷன் டச்பேட்னு ஒரு வரி எழுதியிருக்கும், டிவைஸ் மேனேஜர்ல மவுஸ் பட்டியல்ல இல்லாம ஹெச்-ஐ-டி (ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைஸ்) பட்டியல்ல உக்காந்திருக்கும். இந்த வகையில பழைய கம்பெனி சாஃப்ட்வேரும் மிச்சம் மீதி கிடந்தா ரெண்டும் ஒரே செட்டிங்கைப் புடிச்சு இழுக்கும், பழசைக் கழட்டிடுங்க. அப்டேட்டுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுதுன்னு உறுதியா தெரிஞ்சா டிவைஸ் மேனேஜர்ல பழைய டிரைவருக்கே திரும்ப வைக்கிற ரோல் பேக் டிரைவர் பட்டன் அமுக்கக்கூடியதா இருக்கான்னு பாருங்க. இருந்தா அதைவிட சுலபமான வழி இல்ல.

இத்தனையும் பண்ணியும் அடங்கலைன்னா முதல்ல எக்ஸ்போர்ட் பண்ணின நல்ல ஃபைல் இருக்கே, அதை லாகின் ஆகும்போது தானா உள்ள போடுற மாதிரி டாஸ்க் ஷெட்யூலர்ல ஒரு வேலை எழுதி வச்சுடுங்க. கூடவே அந்த ஸ்டார்ட்டப் ப்ரோக்ராமை அதுக்கு அப்புறமா கிளம்ப வைக்கணும், இல்லைன்னா அவன் பழசைப் படிச்சுட்டு உக்காந்திடுவான். நோய்க்கு மருந்து இல்லதான், ஆனா தினமும் கையால மாத்துற வேலை மிச்சம்.

கேள்வி: எனக்கு செட்டிங் மாறலை, டச்பேடே சில நாள் செத்துக் கிடக்குது. ஒரு நாள் ரீஸ்டார்ட்ல வேலை செய்யுது, இன்னொரு நாள் செய்யலை.

பதில்: வேலை செய்யாத நாள்ல வயர்லெஸ் மவுஸோட குட்டி ரிசீவர் சொருகி இருந்துச்சான்னு பாருங்க. மவுஸ் கனெக்ட் ஆகியிருந்தா டச்பேடை ஆஃப் பண்ணிடுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, மவுஸ் பையில கிடந்தாலும் ரிசீவர் சொருகி இருந்தா மெஷினுக்கு மவுஸ் இருக்குன்னுதான் அர்த்தம். டச்பேட் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய், மவுஸ் இருந்தாலும் டச்பேட் ஆன்ல இருக்கட்டும்ங்கிற டிக்கைப் போடுங்க. அது இல்லைன்னா எஃப்என் கீயோட சேர்த்து அமுக்குற டச்பேட் கீ கை தவறிப் பட்டிருக்கலாம். விண்டோஸுக்கு முன்னாடியே ஓடுற பயாஸ்லயே டச்பேட் ஆஃப் ஆகி, கூடவே தேதி நேரமும் தப்பா காட்டினா போர்டுல இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும், அதை மாத்தாம வேற எது பண்ணியும் நிக்காது.

கேள்வி: லினக்ஸ்ல எக்ஸ்இன்புட் கமாண்ட் அடிச்சு தட்டினா க்ளிக் ஆகுறதை ஆன் பண்றேன். ரீபூட் ஆனா போயிடுது.

பதில்: போகத்தான் செய்யும், அது எங்கயும் எழுதி வைக்கிற கமாண்டே இல்ல. திரையையும் மவுஸையும் பாத்துக்க அப்ப ஓடிட்டிருக்கிற எக்ஸ் சர்வர்ங்கிற ப்ரோக்ராம்கிட்ட வாய்வார்த்தையா சொல்றதுதான், சர்வர் போனா வார்த்தையும் போச்சு. நிரந்தரமா வேணும்னா ஈடிசி ஃபோல்டருக்குள்ள எக்ஸ்11, அதுக்குள்ள எக்ஸ்ஆர்க் கான்ஃப் டி-ங்கிற ஃபோல்டர்ல கான்ஃப்னு முடியுற ஒரு ஃபைல் போட்டு, இன்புட் க்ளாஸ் பகுதியில டச்பேடுக்கு லிப்இன்புட் டிரைவர், டேப்பிங் ஆன்னு எழுதி வைங்க. யூஎஸ்ஆர் ஷேர்ல இருக்கிற ஒரிஜினல் ஃபைலைத் திருத்தாதீங்க, பேக்கேஜ் அப்டேட் வந்தா உங்க திருத்தம் காணாம போயிடும்.

பழைய சினாப்டிக்ஸ் எக்ஸ் டிரைவரும் மெஷின்ல இருந்தா அதோட ஃபைல் 70-ல ஆரம்பிக்கும், லிப்இன்புட்டோடது 40. பின்னால படிக்கிறது ஜெயிக்கும். ஆப்ஷன் பேரும் ரெண்டுலயும் வேற, அதனால நீங்க சரியா எழுதியும் ஒண்ணும் நடக்காத மாதிரி தெரியும். எக்ஸுக்குப் பதிலா வந்த வேலாண்ட்ங்கிற புது முறையில இருக்கீங்கன்னா எக்ஸ்இன்புட்டை மறந்துடுங்க, டெஸ்க்டாப்போட செட்டிங்ஸ்லயே மாத்துங்க, அது உங்க ஹோம் ஃபோல்டர்ல சேவ் ஆகும். லாகின் ஸ்க்ரீன்ல மட்டும் தட்டினா க்ளிக் ஆகலைன்னா பதறாதீங்க, அந்த ஸ்க்ரீன் வேற யூசர்ல ஓடுது, உங்க செட்டிங் அங்க எட்டாது.