பதில்: மறைந்த தோழி ஆர்குட்டில் எழுதிய டெஸ்டிமோனியலை மீட்க முடியுமா?

வணக்கம். தோழியின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். 2007இல் அவர் டெஸ்டிமோனியலாக, அதாவது நண்பரைப் பற்றி எழுதும் பாராட்டுக் குறிப்பாக, எழுதிய வரிகளைத் தேடுகிறீர்கள். ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஆர்குட் என்ற தன் சமூக வலைத்தளத்தை 2014 செப்டம்பர் 30 அன்று கூகுள் மூடிவிட்டது. டேக்அவுட் என்ற கூகுள் வசதி வழியாகத் தரவுகளை இறக்கிக்கொள்ளத் தந்த அவகாசமும் 2016 செப்டம்பரோடு முடிந்தது. சில காலம் காப்பகமாக இருந்தவை பொதுக் குழுக்களின் விவாதங்கள் மட்டுமே. ஸ்கிராப்பும் (ஒருவர் பக்கத்தில் மற்றவர் எழுதும் சிறு செய்தி) டெஸ்டிமோனியலும் அதில் இல்லை. மீட்டுத் தருவதாகச் சொல்லிக் கடவுச்சொல்லோ பணமோ கேட்பவர்களை நம்பாதீர்கள்.

ஆனாலும் தேட இடம் இருக்கிறது. அன்றைய மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து, 'ஆர்குட்' என்பதை ஆங்கில எழுத்துகளில் தேடுங்கள். அறிவிப்புகளை நிறுத்தி வைக்காதிருந்தால், யார் எழுதினார்கள் என்று சொல்லும் அஞ்சல்களாவது இருக்கலாம். குப்பைப் பெட்டி தவிர மற்ற எல்லாக் கோப்புறைகளையும் பாருங்கள்; பலர் அவற்றைப் படிக்காமலே ஒதுக்கி வைத்திருப்பார்கள். பிறகு பழைய கணினி, சிடி, பென் டிரைவ். அன்று பலரும் பிடித்த பக்கத்தை அப்படியே சேமித்து வைப்பது வழக்கம், திரைப்பிடிப்பும் கிடைக்கலாம்.

இன்னொன்று: டெஸ்டிமோனியலை நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது உங்கள் பக்கத்தில் தெரியும். ஸ்கிராப் பலர் கண்ணிலும் படும் என்பதால், "ஏற்காதே" என்ற குறிப்போடு அந்தரங்கச் செய்தியை டெஸ்டிமோனியலாக அனுப்பியவர்கள் உண்டு. ஏற்றிருந்தால் உங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர்களும் அதைப் படித்திருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம்.