ஊர் சுற்றுவதும் படிப்புதான் சார்

பெரம்பூரிலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ப்ளஸ் டூ வணிகவியல் படிக்கிறாள். நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை. சி.ஏ. சேர்க்கலாம் என்று நீங்கள் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தீர்கள். அவளோ இன்டீரியர் டிசைன்தான் என்று நிற்கிறாள். அதைக்கூட எப்படியோ ஏற்றுக்கொண்டிருப்பீர்கள். “இந்த வேலைக்கு நிறைய ஊர் போய்ப் பார்க்கணும்ப்பா, அங்கேர்ந்துதான் ஐடியா வரும்” என்று அவள் சொன்னதும்தான் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. “ஊர் சுற்றுவதற்கு ஒரு படிப்பா மேடம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவள் சொன்னது சரிதான் சார். இந்தத் தொழிலில் ஊர் பார்ப்பது படிப்பின் ஒரு பகுதி. ஆனால் போன ஊரில் அவள் எதைப் பார்க்கிறாள், எப்படிப் பார்க்கிறாள் என்பதை வைத்துத்தான் இந்தத் தொழில் அவளுக்கு ஒத்துவருமா என்று சொல்ல முடியும். அதைத் தெரிந்துகொள்ள லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

என் தோழி ஒருத்தி அடையாறில் சின்ன ஆபீஸ் வைத்து இருபது வருடமாக இந்த வேலை செய்கிறாள். அவளுடைய ஒரு நாளைச் சொன்னால் உங்கள் மகளுக்கும் உதவும். காலையில் வேளச்சேரியில் ஒரு சைட். கார்பெண்டர் அடித்த வார்ட்ரோப் கால் அங்குலம் தள்ளிப் போய், கதவு சுவரில் இடிக்கிறது. எலக்ட்ரீஷியன் வைத்த சுவிட்ச் போர்டு கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. இரண்டையும் பிரித்து மாற்றச் சொல்ல வேண்டும், யார் மனசும் நோகாமல். அப்புறம் வால்டாக்ஸ் ரோட்டில் மரம் பார்க்க வேண்டும். மதியம் ஒரு குடும்பத்தோடு பேச்சு. அந்த வீட்டுக்காரருக்குக் கறுப்பு கிரானைட், அம்மாவுக்கு வெள்ளை. மாலையில்தான் கம்ப்யூட்டரில் வரைபடம். இரவு கோட்டேஷன், பாக்கிப் பணத்துக்கு போன். கற்பனைக்கென்று கிடைப்பது நாளில் ஒரு மணி நேரம், சில நாள் அதுவும் கிடையாது. இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்டுவிட்டு முகம் வாடினால் நல்லது, இப்போதே தெரிந்துகொண்டோம். “சுவிட்ச் போர்டை முன்னாடியே வரைபடத்துல காட்டியிருக்கலாமே?” என்று கேட்டாளானால் இன்னும் நல்லது.

அந்த ஒரு மணி நேரத்துக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? அங்கேதான் பயணம் வருகிறது.

தோழி காரைக்குடிக்குப் போனபோது கூட நானும் போனேன். கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைப் பார்த்து நான் அண்ணாந்து நின்றேன். பர்மா தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி. அவள் ஒரு சுற்று பார்த்துவிட்டு ஆத்தங்குடிக்குப் போய்விட்டாள். தரைக்கல் செய்கிற ஒரு கொட்டகையில் முழு நாள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வேலைக்கான அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமென்ட்டோடு குழைத்த வண்ணத்தை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த மணலும் சிமென்ட்டும் கலந்ததைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, அப்புறம் காயவைக்கிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியில் பட்ட முகம் கண்ணாடி மாதிரியே வழவழப்பாக வந்துவிடுகிறது. வீட்டில் போட்ட பிறகு நடக்க நடக்க இன்னும் மினுங்கும்.

அவள் அங்கே ஒரு கல்லின் மேல் எலுமிச்சையைப் பிழிந்து பார்த்தாள். பட்ட இடம் மங்கிப்போனது. சிமென்ட் கல்தானே, புளிப்பு ஆகாது. திரும்பி வந்ததும் நங்கநல்லூரில் ஒரு ஃப்ளாட்டுக்கு அந்தக் கல்லைக் கூடத்தில் போட்டாள், சமையலறையில் போடவே மாட்டேன் என்றாள். அந்த வீட்டு அம்மாவுக்கு முதலில் வருத்தம். தினமும் புளி கரைக்கிற சமையலறை அது. பயணம் அவளுக்குக் கொடுத்தது ஓர் அழகான கல்லை மட்டுமல்ல, அது எங்கே போகக்கூடாது என்பதையும்தான்.

இன்னொரு தடவை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். தக்கலைக்குப் பக்கத்தில், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது, பராமரிப்பது கேரள அரசு. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று சொல்லப்படும் கறுப்புத் தரையை எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மரப்பட்டைகளைச் சாய்வாக அடுக்கிய ஜன்னல்களின் முன்னால் நின்றாள். காற்று வருகிறது, கண்ணைக் கூசும் வெயில் வருவதில்லை, உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. பட்டையின் அகலம், இடைவெளி, சாய்வு மூன்றையும் கண்ணளவாகக் குறித்துக்கொண்டாள். அடுத்த வருடம் அண்ணா நகரில் மேற்குப் பார்த்த ஒரு பால்கனி. மாலை மூன்று மணிக்கு மேல் யாரும் அங்கே நிற்க முடியாது. அதற்கு அவள் போட்ட மரத் தடுப்பு எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

செல்போனில் பார்க்கிற படங்களைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். நாள் முழுக்க வெளிநாட்டு வீடுகளின் படங்களையே பார்க்கிறாள் என்று. பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் படத்தில் வெயில் சுடாது, சத்தம் கேட்காது. ஸ்வீடன், டென்மார்க் பக்கத்து வீடுகளில் பெரிய கண்ணாடி ஜன்னலும் வெள்ளைச் சுவரும் ஏன் என்று அவளைக் கேளுங்கள். குளிர்காலத்தில் சில மணி நேரமே வெளிச்சம் இருக்கும் நாடுகள் அவை. கிடைக்கிற வெளிச்சத்தை எல்லாம் உள்ளே இழுக்கப் பார்க்கிறார்கள். நமக்குச் சித்திரையில் வெளிச்சத்தை வடிகட்டித்தான் உள்ளே விட வேண்டும். அதே ஜன்னல், இங்கே நேர் எதிரான வேலை. இந்தக் கேள்வி அவளுக்குத் தானாக வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கொழும்பைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கதையை நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வேன். முதலில் அவர் வழக்கறிஞர். அம்மா இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு உலகம் சுற்றினார். இத்தாலியில் வீடு வாங்கி அங்கேயே தங்கிவிட நினைத்தார், நடக்கவில்லை. ஊர் திரும்பி 1948-ல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுனுகங்கா என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கினார். இத்தாலியத் தோட்டம் மாதிரி ஒன்றை அங்கே உருவாக்க ஆசை. ஆசை இருந்த அளவுக்குத் தொழில் தெரியவில்லை என்று புரிந்ததும் லண்டன் போய்க் கட்டடக்கலை படித்தார். 1957-ல் படித்து முடித்துத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. பிறகு அவர் கட்டியவை இத்தாலி மாதிரி இல்லை. மழைக்குத் தாழ்ந்து இறங்கும் கூரை, முற்றம், குளம், நீண்ட தாழ்வாரம் என்று இலங்கையின் மண்ணுக்கு ஏற்றவையாக இருந்தன. கொழும்பில் அவர் வாழ்ந்தது, வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒன்றாக்கிய வீடு. அதற்குள் நம் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. நாம் பழைய சாமான் என்று விற்றுவிட்டதை இன்னொருவர் கடல் கடந்து எடுத்துப் போயிருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

அவள் 17 வயதிலேயே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட வேண்டும் என்று பதறாதீர்கள். அதற்காகத்தான் அந்த 38-ஐச் சொன்னேன்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். வணிகவியல் என்பதால் பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் பட்டப்படிப்பின் கதவு மூடியிருக்கிறது. அதற்கு ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், நாட்டா போன்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், ஐந்து வருடம் படிக்க வேண்டும். ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ள 1972-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு தேவை. இன்டீரியர் டிசைனருக்கு அப்படிக் கட்டாயப் பதிவு கிடையாது. சுலபம் போலத் தெரியும், ஆனால் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம் என்பதால் நல்ல படிப்பும் செய்த வேலையும்தான் அவளுக்கு அடையாளம். அகமதாபாத்தில் இருக்கும் என்.ஐ.டி.யில், அதாவது தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், ஃபர்னிச்சரும் இன்டீரியரும் சேர்ந்த பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்பு இருக்கிறது. எந்தப் பிரிவில் ப்ளஸ் டூ படித்தவரும் நுழைவுத்தேர்வு எழுதலாம். முதலில் எழுத்துத் தேர்வு, தேறியவர்களுக்குக் கையால் செய்து காட்டும் தேர்வு. அதே ஊரில் செப்ட் பல்கலைக்கழகமும் இந்தத் துறைக்குப் பேர்போனது. சென்னையை விட்டு அனுப்ப மனமில்லை என்றால், இங்கேயே சில பெண்கள் கல்லூரிகளில் மூன்று வருட பி.எஸ்சி. இருக்கிறது.

ஒரு விஷயத்தில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடம் முன்பு ஒரு பையனை ஒரு வருட டிப்ளமோ ஒன்றில் சேரச் சொன்னேன். பெயர் வேண்டாம். பளபளப்பான கையேட்டை நம்பினேன். வருடம் முழுக்க சாஃப்ட்வேர் மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள், ஒரு நாள்கூட சைட்டுக்கு அழைத்துப் போகவில்லை. முடித்துவிட்டு வந்தவனுக்கு, சாதாரண கமர்ஷியல் ப்ளைவுட்டுக்கும் தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை. சிங்க்குக்கு அடியில் எந்தப் பலகை போட்டால் ஒரே மழைக்காலத்தில் உப்பிப்போகும் என்று தெரியாதவனுக்கு யார் வேலை தருவார்கள்? அவன் அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்றும் வலிக்கிறது. அதிலிருந்து எந்தக் கல்லூரிக்குப் போனாலும் மரவேலைப் பட்டறை இருக்கிறதா, மாணவர்கள் எத்தனை நாள் சைட்டில் நிற்கிறார்கள், படிப்புப் பயணத்துக்கு எங்கே அழைத்துப் போகிறார்கள் என்றுதான் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளையே கேட்டால் உண்மை வரும்.

வணிகவியல் வீணாகிவிடுமோ என்று வருந்த வேண்டாம். நல்ல கைத்திறன் இருந்தும் கணக்கில் கோட்டைவிட்டுக் கடையை மூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டணம் சதுர அடிக் கணக்கா, மொத்தச் செலவில் சதவீதமா, அட்வான்ஸ் எவ்வளவு, ஜி.எஸ்.டி. யார் தலையில் என்பதெல்லாம் தெரிந்த டிசைனருக்கு நிம்மதியான தூக்கம் வரும். முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதற்கு நீங்கள் மனசைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

பெண் பிள்ளை தனியாக ஊர் ஊராகப் போவதா என்று பாதி எழுதி நிறுத்தியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆரம்பத்தில் நீங்களே கூடப் போங்கள். எடுத்த எடுப்பில் வெளிநாடு எதற்கு? ஜார்ஜ் டவுனில் பழைய வீட்டு மேல்தளம் ஒன்றைக் காட்டுங்கள். தேக்கு விட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குறுக்குச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் அது. எழும்பூர் பாந்தியன் சாலையில் துணிக் கடைகள் இருக்கின்றன. தொட்டு, கசக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கட்டும். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் தறி ஓடுவதைப் பார்க்கலாம். ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. பாத்திக் முதலான கைவேலைகளை விற்றுத்தான் அந்த ஓவியர்கள் தங்களுக்கென்று இடம் தேடிக்கொண்டார்கள். கலையும் சோறும் எப்படிச் சேர்ந்து போகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் நம் ஊரில் இல்லை.

சமையலறையில் இருக்கும் செம்பும் போதும். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி இந்திய அரசுக்காக இங்கே சுற்றிப் பார்த்து 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1961-ல் என்.ஐ.டி. வந்தது. இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களில் லோட்டாவைத்தான், அதாவது நம் செம்பைத்தான், உச்சத்தில் வைத்தார்கள் அவர்கள். எவ்வளவு பிடிக்கும், கைக்கு அடங்குமா, எப்படி ஊற்றும், எப்படித் துலக்குவது, என்ன விலை என்று கேள்வி கேள்வியாக எழுதினார்கள். உங்கள் வீட்டுச் செம்பை மகள் முன்னால் வைத்துப் பாருங்கள். எத்தனை கேள்வி வருகிறது?

படம் வரையத் தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம், அது பழக்கத்தில் வரும். என் அறையில் காத்திருந்த ஒரு மாணவி, நான் உள்ளே வந்ததும் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். “உங்களுக்குப் பின்னாடி ஜன்னல் மேடம், அங்கேர்ந்து பார்த்தா உங்க முகமே தெரியல” என்றாள். அந்த அறையில் பன்னிரண்டு வருடமாக ஆட்களைச் சந்திக்கிறேன், யாரும் சொன்னதில்லை. அன்றே மேசையைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பெண் இப்போது இந்தத் துறையில்தான் இருக்கிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளை முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு அழைத்துப் போங்கள். செவ்வாய்தான் அவர்களுக்கு விடுமுறை. 1996-ல் திறந்தது, கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் கைவண்ணம் இருக்கிறது. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஒரு டேப்பும் கோடு போடாத நோட்டும் அவள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் திண்ணையில் உட்காருங்கள். எதுவும் சொல்ல வேண்டாம். செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறாளா, இல்லை உங்கள் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்துத் திண்ணையின் உயரத்தை அளக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். பாதி நாள் போதும்.

அப்புறம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் என்னைப் பார்க்க வாருங்கள். படம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் அளவு எழுதியிருக்கிறாளா என்றுதான் முதலில் பார்ப்பேன்.