கண்ணாடி பீடிங் லூசா? கேளுங்க, சொல்றேன்

கார் கண்ணாடி மாத்துற வேலைல ரொம்ப வருஷமா இருக்கேன், பீடிங் (கண்ணாடி ஓரத்த சுத்தி வர்ற ரப்பர் பட்டை) பத்தி நேத்து நீங்க கேட்டதுக்கெல்லாம் மொத்தமா பதில் போடுறேன்.

அண்ணா, முன் கண்ணாடி மேல பக்க பீடிங் வெயில்ல சுருங்கி தூக்கிட்டு நிக்குது. கண்ணாடி கழண்டு விழுந்துருமா?

விழாது தம்பி. இப்ப வர்ற கார்ல கண்ணாடிய புடிச்சிருக்கிறது அந்த ரப்பர் இல்ல, உள்ள சுத்திவர போட்டிருக்கிற யூரித்தேன் பேஸ்ட்டு, ரப்பர் சும்மா சந்த மறைக்கத்தான். பீடிங் மட்டும் மாத்திக்கலாம். ஆனா ஒண்ணு, உள்ள உக்காந்து கண்ணாடி ஓரத்துல கைய வச்சு மெதுவா தள்ளிப் பாருங்க, துளி அசைஞ்சாலும் வண்டிய எடுக்காதீங்க. நெறைய கார்ல லெஃப்ட் சைடு ஏர்பேக் விரியும்போது கண்ணாடில முட்டித்தான் ஆள் பக்கம் திரும்பும், கண்ணாடியே பிச்சிட்டு போனா பை எங்க நிக்கும்?

ஹார்டுவேர் கடை சிலிகான் அடிச்சா போதும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரே?

அவர் வண்டில அடிச்சுக்கச் சொல்லுங்க. வினிகர் வாடை அடிக்குதுல்ல, அது ஆசிட், தகரத்துல துரு ஏத்தும். அதோட சிலிகான் பட்ட எடத்துல அப்புறம் யூரித்தேன் ஒட்டாது, சொரண்டி எடுக்குறதுக்குள்ள எங்களுக்கு உயிர் போயிடும்.

மழை பெஞ்சா லெஃப்ட் சைடு மேட் நனையுது சார், பீடிங்தானே?

அவசரப்படாதீங்க. வைப்பருக்குக் கீழ பிளாஸ்டிக் கவர் இருக்கே, அதுக்குள்ள வேப்பிலையும் மண்ணும் சேந்து தண்ணி போற ஓட்டை அடைச்சா, ஏசிக்கு காத்து எடுக்குற வழியா உள்ள எறங்கிரும், மொதல்ல அத சுத்தம் பண்ணுங்க. மழையே இல்லாம நனைஞ்சா ஏசி தண்ணி ட்யூப் அடைச்சிருக்கலாம். அப்பவும் சந்தேகம்னா ஒருத்தர் உள்ள டார்ச்சோட உக்காரணும், இன்னொருத்தர் வெளிய ஓஸ்ல கீழேர்ந்து மேல, ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டு மூணு நிமிஷம் நின்னு ஊத்தணும். மேலேர்ந்து ஆரம்பிச்சா எல்லாப் பக்கமும் வழிஞ்சு, எங்க ஓட்டைன்னே தெரியாது.

80 தாண்டுனா விசில் அடிக்குது.

பெயின்டர் யூஸ் பண்ற பேப்பர் டேப்ப பீடிங் மேல ஒட்டி ஓட்டுங்க. சத்தம் நின்னா ஒவ்வொரு பக்கமா பிரிச்சுப் பாருங்க, எங்க திரும்ப விசில் வருதோ அங்கதான் கோளாறு.

அப்பாவோட அம்பாசிடர் இருக்கு, அதுக்கும் இதேதானா?

இல்லீங்க, அதுல ரப்பர்தான் கண்ணாடியவே புடிக்குது. வெடிச்சிருந்தா புது ரப்பர்தான். கண்ணாடிய சுத்தி ரப்பர மாட்டி, ரப்பர்ல இருக்கிற காடில (பள்ளத்துல) கயிறு ஓட்டி, சோப்புத் தண்ணி தடவி, ஒருத்தர் வெளிய அமுக்க இன்னொருத்தர் உள்ளேர்ந்து கயித்த உருவுனா ரப்பர் ஓரம் தகரத்த கவ்விக்கும். பழைய டிங்கர் மாஸ்டர் யாராச்சும் கெடைச்சா விட்ராதீங்க.

இன்சூரன்ஸ்ல வருமா?

கண்ணாடி உடைஞ்சா அந்தக் கண்ணாடிக்கு தேய்மானம் கழிக்க மாட்டாங்க, ரப்பர் பிளாஸ்டிக்குக்கு சாதா பாலிசில 50 சதவீதம் போயிரும். வெயில்ல சுருங்குன பீடிங்குக்கெல்லாம் கிளைம் கெடைக்காது, கைக்காசுதான்.